நாற்பத்தொரு ஜாக்கெட்

மூணு வாக்கியம், ரெண்டு நிமிசம், அதுக்கு மேல ஒண்ணுமில்ல என்று சொல்லி அவளை இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நாச்சிமுத்து போய் முக்கால் மணி நேரமாகிவிட்டது. இன்னும் யாரும் கூப்பிடவில்லை. துளசிமணி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர். ஹெல்மெட் போட்ட ஒரு பெண்ணும் ஹெல்மெட் போட்ட ஒரு ஆணும் கை குலுக்கிக்கொள்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஒரே பல்வரிசை. கீழே கொட்டை எழுத்தில் ‘பாதுகாப்பான பனியிடம், எங்கள் பெருமை’. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. பனியிடம். பம்பு செட்டு செய்கிற கம்பெனியில் பனி கொட்டுகிறது. எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் சரி என்று தலையாட்டி அச்சுக்கு அனுப்பியிருப்பார்கள், பிறகு ஏணி போட்டு ஏறி ஒருத்தன் ஒட்டியிருப்பான், அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. படித்தால்தானே படும். ஒட்ட வேண்டும் என்று சட்டம், ஒட்டியாயிற்று. குழு வைக்க வேண்டும் என்று சட்டம், வைத்தாயிற்று. அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்தான் குழு உட்கார்ந்திருக்கிறது. உள்ளகப் புகார்க் குழு என்று கதவில் தாள் ஒட்டியிருக்கிறது, ஏசி காற்றில் தாளின் ஒரு மூலை படபடவென்று அடித்துக்கொள்கிறது. அந்தத் தாளையும் ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லை. இவர்கள்தான் தீர விசாரிக்கப் போகிறார்கள். அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உடனே விழுங்கினாள், ஏனென்றால் சிரிக்க அவளுக்கு என்ன தகுதி இருக்கிறது, அவர்களாவது சுழியைத் தப்பாகப் போட்டார்கள், அவள் காலையில் எழுந்து, அந்த ஆளுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து, காலர் மடிப்பைக்கூட இரண்டு தடவை அழுத்தித் தேய்த்துக் கொடுத்துவிட்டல்லவா கிளம்பி வந்திருக்கிறாள்.

மூணு வாக்கியம். இட்லித் தட்டில் சட்னியை வழித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் திருக்குறள் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. ஒண்ணு, இருவத்தாறு வருசமா இவரு கூடக் குடும்பம் நடத்தறேனுங்க, ஒரு நாளும் ஒருத்தரத் தப்பாப் பாத்ததில்லீங்க. ரெண்டு, வருசா வருசம் பழனிக்கு நடக்கறவருங்க. மூணாவதுதான் முக்கியம், புள்ள, நல்லாக் கேட்டுக்க. அந்தப் புள்ளையோட அம்மா துணி தைக்கறவங்க, எனக்கு ஜாக்கெட் தைக்கோணும்னு நான்தானுங்க இவர அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணிக் கேக்கச் சொன்னேன். அவ்வளவுதான். எங்க, ஒருக்கா சொல்லு பாக்கலாம். அவள் சொல்லவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். பால் இல்லை அடுப்பில். நாற்பத்தொரு தடவை, புகார் கொடுத்த அந்தப் பெண்ணுக்குப் போன் போயிருக்கிறது, கம்பெனி நேரம் போக மற்ற நேரத்தில், அந்தப் பெண் அதைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் இவருக்கு ஜாக்கெட் ஞாபகம் வந்தது. நாற்பத்தொரு ஜாக்கெட். ஒரு பொம்பளை கல்யாணமாகி வந்ததிலிருந்து கட்டையில் போகிற வரைக்கும் தைத்தாலும் நாற்பத்தொன்று வராது போலிருக்கிறதே. பொய் சொல்வதுதான் சொல்கிறார், பொம்பளையிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா. ஸ்டோர்ஸ் மேனேஜர். பதினெட்டாயிரம் உதிரிச் சாமான் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார் என்று பீற்றிக்கொள்கிற மனுஷன், பெண்டாட்டி யாரிடம் ஜாக்கெட் தைக்கிறாள் என்று தெரியாது. தையல் கடை கனகாவிடம்தான் இருபது வருஷமாகத் தைக்கிறாள். அளவு ஜாக்கெட்கூடக் கேட்க மாட்டாள் கனகா. அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் குழுவுக்கு அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். நினைப்பு மறுபடி அங்கேயே போய் மாட்டிக்கொள்கிறது, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, முள்ளில் மாட்டிய சேலைத் தலைப்பு மாதிரி. இழுத்தால் கிழியும். ஏனென்றால் அது நாற்பத்தொன்று இல்லை. அதை நினைக்க வேண்டாம். போஸ்டரைப் பார்.

போஸ்டரை மறைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நீல நிற யூனிஃபார்ம் கோட்டு, தலையில் பாக்கிங் செக்‌ஷன் வலைத்தொப்பி, கழற்ற மறந்திருக்கிறாள். உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள், பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது, காலையில் அவரோடு காரிலிருந்து இறங்கியதைப் பார்த்திருப்பாள். இந்துஜா. போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னப் பெண், இருபத்துமூன்று இருக்கும். போட்டோவை நாச்சிமுத்துதான் காட்டினார், மார்ச் மாதத்தில், மகளிர் தினத்துக்குக் கம்பெனிப் பெண்களுக்கெல்லாம் ரோஜாப்பூக் கொடுத்தாராம், மேனேஜ்மென்ட் அவரைத்தான் கொடுக்கச் சொன்னதாம், வயசில் மூத்தவர், மரியாதையான மனுஷன். அந்தப் போட்டோ இதோ இந்த அறிவிப்புப் பலகையில் இன்னும் குத்தியிருக்கிறது. வரிசையாகப் பெண்கள், நடுவில் ரோஜாக் கட்டோடு அவர், காதுவரைக்கும் சிரிப்பு. இந்துஜா ஓரத்தில், பூவைப் பேனாவைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு. புகார் கொடுத்த பெண்ணையும் புகாருக்கு ஆளான மனுஷனின் பெண்டாட்டியையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்திருக்கிறார்கள், தலைக்கு மேல் அந்த மனுஷன் பூ கொடுக்கிற படம். இதைவிட லட்சணமாக ஒரு விசாரணையை எவனால் நடத்த முடியும். புகார் வந்த மறுநாளே இந்தப் பெண்ணை ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி பாக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள், அவளுடைய பாதுகாப்புக்காகவாம். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள் இப்போது அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள். நாச்சிமுத்து அதே சுழல் நாற்காலியில் அதே மேஜையில்தான் இருக்கிறார், அவருக்குப் பாதுகாப்புக் குறைவு ஒன்றுமில்லை. அதை வீட்டில் வந்து வெற்றிச் செய்தி மாதிரிச் சொன்னார், பாத்தியா, மேனேஜ்மென்ட்டு யாரு பக்கம்னு. அவள் மோர் ஊற்றினாள். மோர்தான் ஊற்றினாள்.

மோர். மோர்மிளகாய். அதற்குத்தான் அன்றைக்கு மொட்டை மாடிக்குப் போனாள், ஏப்ரல் மாசம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த மிளகாயை அள்ள முறத்தோடு படியேறினாள், கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் குரல். ஏம்மிணி, போனெடுக்க மாட்டீங்களா, நாலு தடவ அடிச்சிட்டேன். மே மாசம் காண்ட்ராக்ட் முடியுதல்ல, புதுப்பிக்கோணுமா வேண்டாமா, கையெழுத்துப் போடறவன் நான்தான அம்மிணி. நாளைக்குக் குடோன்ல ஸ்டாக் எடுக்கோணும், நீங்க மட்டும் வாங்க, மத்தவங்க எதுக்கு. அந்தக் குரலை அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் அப்படி ஒரு குழைவான குரலில் அவர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. முதலில் வந்தது கோபமா, பொறாமையா, அருவருப்பா என்று கேட்டால் எதுவுமில்லை, வெட்கம்தான் வந்தது, தான் ஏதோ திருட வந்து அகப்பட்டுக்கொண்ட மாதிரி. சத்தம் வராமல் ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினாள். முறம் சுவரில் உரசாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு சாமர்த்தியம். கீழே வந்து சமையலறையில் நின்று, மிளகாய் இன்னும் காயட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வாய்விட்டே சொன்னாள், இன்னும் ஒரு நாள் காயட்டும். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தயிர்ச் சோற்றுக்குப் பழைய மோர்மிளகாய் வறுத்துப் போட்டாள். மொறுமொறுவென்று நன்றாக இருந்தது என்றார். இந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து வலைத்தொப்பியைக் கழற்றி மடித்து மடித்து விரிக்கிறாள். அந்தக் குரலின் மறுமுனையில் இருந்த காது இதுதான். ஒரு பேச்சை இரண்டு பொம்பளைகள் இரண்டு பக்கமிருந்து கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி அடுத்த நாள் குடோனுக்குப் போக வேண்டியிருந்தது, ஒருத்தி மிளகாய் வறுத்தாள்.

உனக்கென்ன தெரியாதா துளசிமணி. உனக்குத் தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பலாமா. எக்ஸ்ரே டெக்னீசியனாக ஐந்து வருஷம் குப்பை கொட்டியவள்தானே நீ. அப்போதெல்லாம் படம் இருட்டறையில் கழுவ வேண்டும், சிவப்பு பல்பு ஒன்று மட்டும் எரியும், ஃபிலிமைக் கிளிப்பில் மாட்டி மருந்துத் தொட்டியில் முக்கி மூன்று நிமிஷம் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், புளித்த காடி மாதிரி ஒரு வாசம், குளித்தாலும் விரலிடுக்கிலிருந்து போகாது. கையெடுத்தால் படம் கெட்டுவிடும். அது அந்த ஆஸ்பத்திரி மேனேஜருக்குத் தெரியும், முதலாளியின் மச்சினன், தெரிந்துதான் அந்த மூன்று நிமிஷத்துக்குக் வெளிச்சம் புகாத இரட்டைக் கதவு வழியாக நுழைந்து வருவான், பின்னால் வந்து நிற்பான். தொட்டியில் ஒரு கிழவரின் இடுப்பெலும்பு இருந்தது, முந்தின நாள் கிணற்று மேட்டில் விழுந்தவர், மறுபடி மேஜையில் புரட்டிப் போட்டுப் படமெடுத்தால் கத்தியே செத்துப்போவார். அவள் கையை எடுக்கவில்லை. மூன்று நிமிஷமும் ஆட்டினாள். படம் சுத்தமாக வந்தது, எலும்பின் கீறல் மயிரிழை மாதிரித் தெரிந்தது, டாக்டர் பாராட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாச்சிமுத்துவிடம் சொன்னாள். கல்யாணமாகி மூன்று வருஷம், மடியில் கௌதம், சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்த காலம். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, உன்ற கை சும்மாதான இருந்துச்சு, திரும்பி ஒரு அறை வுட்டிருக்கலாமல்ல என்றார். கை சும்மா இல்லை என்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இருட்டு ரூம்ல வேலைன்னா நாலும் நடக்கத்தான் செய்யும் என்றார். ராஜினாமாக் கடிதத்தை அவரே எழுதினார், குண்டு குண்டு கையெழுத்தில், குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று. அவள் கீழே பெயர் மட்டும் போட்டாள். அந்த மேனேஜர் அப்புறம் ரோட்டரியில் ஏதோ பதவிக்கு வந்து பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். அவள் அந்தப் பேப்பரில் வடை எண்ணெய் ஒற்றினாள். அதுதான் அவள் அவனுக்குக் கொடுத்த தண்டனை, என்ன வீராங்கனை. இருட்டறை அவளுக்குப் போய்விட்டது, அவர்களுக்கெல்லாம் வெளிச்சம் அப்படியேதான் இருந்தது. இப்போது எக்ஸ்ரே கம்ப்யூட்டரில் நொடியில் வருகிறதாம், தொட்டியும் இல்லை, சிவப்பு பல்பும் இல்லை. மச்சினன்களுக்கு ஒன்றும் குறைச்சல் இருக்காது, குடோன் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, காண்ட்ராக்ட் இருக்கிறது.

கண்ணாடிக் கதவு திறந்தது. கூப்பிட அல்ல, எச்.ஆர். சுவர்ணா மேடம், கழுத்தில் அடையாள அட்டை ஆட, குதிகால் செருப்பு டக்டக்கென்று வந்து அவள் தோளில் கை வைத்தாள். “டென்ஷன் ஆகாதீங்கம்மா, சும்மா ஃபார்மாலிட்டிதான். சாரப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? இந்தக் காலத்துப் பொண்ணுங்க...” என்று ஆரம்பித்து, எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று அப்போதுதான் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “காப்பி சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்று முடித்தாள். ரெண்டு பேருமாம். கல்யாண வீட்டில் சம்பந்திகளைக் கேட்கிற மாதிரி. சுவர்ணா உள்ளே போனாள், செருப்புச் சத்தமும் போயிற்று. தோளில் அந்தக் கை வைத்த இடம் மட்டும் பிசுபிசுவென்று இருந்தது.

கைப்பைக்குள் போன் இருக்கிறது. அதை நினைக்க வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் நினைப்பு நாய்க்குட்டி மாதிரி காலைச் சுற்றுகிறது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே கேட்டார், என்ற போன்ல சார்ஜ் இல்ல, உன்றதக் குடு. கொடுத்தாள். வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பிக் கொண்டுவந்து வைத்தார். அவர் போன் மேஜை மேல்தான் இருந்தது, தொட்டதும் பளிச்சென்று எரிந்தது, சார்ஜ் எழுபத்திரண்டு. அதற்கப்புறம் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே நம்பர், பெயரில்லாத நம்பர். அந்தப் பெண் இவர் நம்பரிலிருந்து கால் வராமல் அடைத்துவிட்டாள், அதனால் பெண்டாட்டி நம்பர். ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்தாள். பார்த்து, விரலால் அழித்தாள், சாப்பாட்டு மேஜையில் சிந்திய குழம்பைத் துடைக்கிற மாதிரி, ஒரு துடை, போயிற்று. இவர் அழிக்கக்கூட மெனக்கெடவில்லை, அவள் பார்ப்பாள் என்ற பயம்கூட இல்லை, அவள் என்ன ஆள், சுவர், சுவரிடம் யார் மறைப்பார்கள். நாற்பத்தொன்று இல்லை, நாற்பத்தைந்து. இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். சொன்னால் என்ன ஆகும். சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். நாச்சிமுத்து கத்துகிற ஜாதி இல்லை, முதலில் போய் ஜன்னலைச் சாத்துவார், ஒவ்வொன்றாக, கொக்கி போட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதல்லவா, அதுவரைக்கும் அவள் நின்றுகொண்டிருக்க வேண்டும். மூன்று தடவை அப்படி நடந்திருக்கிறது. மூன்றாவது தடவை இடது காதில் ஒரு வாரம் வண்டு ரீங்கரித்தது. டாக்டரிடம் குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்றாள். நேற்று ராத்திரி பெங்களூரிலிருந்து கௌதம் பேசினான். அவள் வளர்த்த மகன், இங்கிலீஷில் பொண்ணுங்களுக்குச் சம உரிமை என்று போனில் படம் போட்டு வைக்கிறவன். “அம்மா, அப்பாக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு ரெண்டு வருசம்தான் இருக்குது. என்னமோ அவரு சொல்றதச் சொல்லிட்டு வந்துரும்மா. எனக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கீங்க, ஞாபகம் வச்சுக்க.” நடந்துச்சாம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அவளை ஒருத்தராவது, அவள் அம்மாவோ தங்கச்சியோ மகனோ இந்த சுவர்ணாவோ, நடந்ததா என்று கேட்டிருந்தால்... கேட்டிருந்தால் என்ன, சொல்லியிருப்பாயா. பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பெண். கேட்கவில்லை கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஏழு மாதம் ஓட்டிவிட்டாய், அது எவ்வளவு வசதியாக இருந்தது.

“துளசிமணி அம்மா, வாங்க.”

உள்ளே நீள மேஜை. நடுவில் குழுத் தலைவி, அக்கவுண்ட்ஸ் மேனேஜராம், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தாள். ஒரு பக்கம் சுவர்ணா. இன்னொரு பக்கம் வெளியிலிருந்து வந்த வக்கீலம்மா, பருத்திப் புடவை, நரைத்த குட்டை முடி. கடைசியில் ஒரு என்ஜினியர், மேஜைக்கு அடியில் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். தட்டில் பிஸ்கட். நாச்சிமுத்து இல்லை, அவரை வெளியில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

“உக்காருங்கம்மா,” என்றாள் தலைவி. “நாச்சிமுத்து சார் எழுதிக் குடுத்திருக்காரு, அதுல சாட்சின்னு உங்க பேரு இருக்குது. நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க.”

முதல் வாக்கியம் தானாகவே வந்தது, இட்லித் தட்டிலிருந்து நேராக. “இருவத்தாறு வருசமா இவரு கூடக் குடும்பம் நடத்தறேனுங்க.” அதோடு நின்றது. சுவர்ணா சொல்லுங்க சொல்லுங்க என்று தலையை ஆட்டினாள், மேடையில் பாட்டை மறந்த குழந்தைக்குத் தாளம் போடுகிற மாதிரி. அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள் துளசிமணி. எத்தனை தலைகள் இப்படி ஆடியிருக்கின்றன, அவளுடையதும் சேர்த்து.

வக்கீலம்மா ஒரு தாளை முன்னால் இழுத்துக்கொண்டாள். “இதுல நாப்பத்தோரு கால் இருக்குதுங்கம்மா. எல்லாம் உங்களுக்கு ஜாக்கெட் தைக்கறது சம்பந்தமா, நீங்க சொல்லித்தான் பண்ணினதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றார். நீங்க சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

என்ஜினியர் நிமிர்ந்தார்.

“அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட நான் ஜாக்கெட் தைச்சதே இல்லீங்க. அவங்க தைக்கறாங்கன்னே முந்தாநேத்துதான் எனக்குத் தெரியும், இவரு சொல்லி.”

“அம்மா,” என்றாள் சுவர்ணா, குரலைத் தாழ்த்தி, “பதட்டத்துல ஏதாவது... கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. குடும்பம்.”

“யோசிச்சது போதுங்க மேடம். ஏழு மாசமா அதத்தான் பண்ணிட்டிருந்தேன்.” மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். ஏப்ரல் மாதம் மொட்டை மாடியில் கேட்டதைச் சொன்னாள், காண்ட்ராக்ட், கையெழுத்து, குடோன், நீங்க மட்டும் வாங்க, எல்லாவற்றையும் அவர் சொன்ன அதே சொற்களில். சொல்லும்போது அந்தக் குழைவையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, விட்டுவிட்டாள். பிறகு, “அது நாப்பத்தொண்ணு இல்லீங்க. நாப்பத்தஞ்சு” என்றாள்.

வக்கீலம்மா பேனா மூடியைக் கழற்றினாள்.

“நாலு கால் எம் போன்லருந்து போனதுங்க. ஜூன் மாசம். இவரு நம்பர அந்தப் புள்ள அடைச்ச பின்னால எம் போன வாங்கிப் பண்ணுனாரு. நான் பாத்தேன். பாத்து அழிச்சிட்டேன். எம் போன்ல இருக்காது. அந்தப் புள்ள போன்ல இருக்கும்.”

வக்கீலம்மா வேறொரு தாளை எடுத்தாள். அதில் நான்கு இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம், ஓரத்தில் ‘யாருன்னு தெரியல’ என்று எழுதியிருந்தது. “உங்க நம்பரச் சொல்லுங்கம்மா.” துளசிமணி சொன்னாள். பத்து எண்ணுக்கும் பேனா முனை ஒவ்வொன்றாக நகர்ந்தது. கடைசி எண்ணில் நின்றது. வக்கீலம்மா தாளைத் தலைவியின் பக்கம் தள்ளினாள். தலைவி நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள், இவ்வளவு நேரமும் அவளுக்கு அது தேவைப்படவில்லை.

“நாங்க எழுதிக்கறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க போதும்,” என்றாள் தலைவி.

“நானே எழுதறேனுங்க.”

எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. எழுத்துப் பழக்கம் விட்டுப்போனதில் வரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயிற்று. பணியிடம் என்று ஒரு இடத்தில் எழுத வேண்டி வந்தது, மூன்று சுழியையும் சுழித்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது இந்துஜா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். துளசிமணிக்குப் பின்னாலேயே வந்த வக்கீலம்மா, ஜூன் மாதத்து நான்கு அழைப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டது, இவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். துளசிமணிக்குள் ஒன்று, வெட்கம் கெட்ட ஒன்று, தலை நீட்டிக் காத்திருந்தது. இந்தப் பெண் இப்போது அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், நன்றிங்கக்கா என்பாள். அந்த எதிர்பார்ப்பை அவளே பார்த்துவிட்டாள், பார்த்து, சீ என்று ஆனது.

“அது உங்க நம்பராக்கா?” என்றாள் இந்துஜா. “எடுத்தாப் பேச்சே வராது, யாரோ வெளியாளு, வூடு தெரிஞ்சு பின்னால வர்றான்னு நெனச்சேன். ரெண்டு மாசம் ராத்திரி லைட்ட அணைக்காமப் படுத்தேன். அம்மா எங்கூடயே படுத்துச்சு.”

“ஆமா கண்ணு. என்றதுதான்.”

“உள்ள என்னங்க்கா சொன்னீங்க?”

“ஏப்ரல்ல மாடில பேசுனதக் கேட்டேன். அதச் சொன்னேன்.”

“ஏப்ரல்லயே தெரியுங்களா உங்களுக்கு?”

“தெரியும்.”

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. குடோனில் தட்டுப்படுகிற எதையோ, செத்த எலியையோ எதையோ, பார்க்கிற பார்வை. “செப்டம்பர்லதாங்க்கா அவரு கைய வெச்சாரு,” என்றாள். வலைத்தொப்பியைத் தலையில் மாட்டி, முடியை உள்ளே தள்ளிக்கொண்டு, பாக்கிங் செக்‌ஷன் பக்கம் நடந்தாள். துளசிமணி அங்கேயே நின்றாள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். விரல் தானாக மடங்கியது, ஒரு கை முழுசாக மூடிக்கொண்டது. மன்னிச்சுக்க கண்ணு என்று கூப்பிடலாம். கூப்பிட்டால் அந்தப் பெண் திரும்ப வேண்டியிருக்கும், பரவாயில்லீங்க்கா என்று சொல்ல வேண்டியிருக்கும், பெரியவளுக்குச் சின்னவள் செய்கிற மரியாதை, அந்த வேலையையும் இவள் தலையிலேயே கட்ட வேண்டுமா. கூப்பிடவில்லை.

வெளியே பதினொன்றரை வெயில். நாச்சிமுத்து காரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்தவரில்லை. முகம் பளபளவென்று இருந்தது. நாலடி தள்ளிச் செக்யூரிட்டி சல்யூட் அடித்தபடி நின்றான்.

“முடிஞ்சுதா? நான் சொன்னனல்ல, ரெண்டு நிமிசம்னு. ஏறு புள்ள, வெயிலு. போற வழியில அன்னபூரணி மெஸ்ல சாப்பிட்டுட்டுப் போயிரலாம், இன்னிக்கு நீ அடுப்புப் பத்த வெக்க வேண்டாம்.”

பயம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது. இடது காதில் வந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள், பயந்துகொண்டே ஏழு மாதம் எல்லா வேலையையும் செய்தவளுக்கு இது ஒன்றைச் செய்வதா பெரிது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு போனால் தங்கச்சி ஊரான கோபிக்கு அரை மணிக்கொரு பஸ், அவள் கதவைத் திறப்பாள், திறந்துவிட்டு என்ன சொல்வாள் என்பது வேறு. வண்டிக்கு மூன்றடி முன்னாலேயே நின்றாள்.

“ஜாக்கெட் கதையைச் சொல்லலீங்க. மாடில பேசுனதக் கேட்டேன்னு சொன்னேன். எம் போன வாங்கிப் பண்ணுனதயும் சொல்லி, என்ற கையால எழுதிக் குடுத்துட்டேன்.”

தணிந்த குரலில் அல்ல, சந்தையில் ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னாள். நாச்சிமுத்துவின் கை கதவிலிருந்து நழுவியது. வாய் திறந்தது. இருபத்தாறு வருஷம் அவருடன் வாழ்ந்தவள் இப்படிச் சொல்கிறாளே என்று அவளைப் பார்த்திருக்கலாம், உள்ளே ஒரு பெண் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிற பக்கம் பார்த்திருக்கலாம். செக்யூரிட்டி காதில் விழுந்துவிட்டதா என்றுதான் அவர் பார்த்தார்.